இரண்டாம் மாடியில் ஒரு கூட்டம்

போன வெள்ளிக்கிழமை எறணாகுளத்தில் ஒரு காலேஜுக்குப் போயிருந்தேன். படிக்க அல்ல... இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? என் தம்பி மகள் ரேவதியோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டுமாம். தம்பிக்கு மட்டாஞ்சேரி அரிசி குடோனில் லோடு இறங்கும் நாள். நான் கிளம்பிவிட்டேன்.

ரேவதிக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது. சக்கர நாற்காலிதான். வாய்? அது ஓடும்!

விஷயம் இதுதான். அடுத்த மாதம் முதல் அவளுடைய சரித்திர வகுப்பு இரண்டாம் மாடிக்குப் போகிறது. லிஃப்ட் கிடையாது. ஏற முடியாதவர்கள் கீழே நடக்கும் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். சரித்திரம் என்றால் அவளுக்கு உயிர். விடுவாளா? ஊன்றுகோலில் நடக்கிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நியாயம் கேட்டாள். சரி, கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார்கள். எல்லோருக்காகவும் பேசப்போவது ரேவதி.

கூட்டம் எங்கே தெரியுமா? அதே இரண்டாம் மாடியில்!

படிக்கட்டின் கீழே நான்கு பையன்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள். "பேடிக்கண்ட சேச்சி, ஞங்கள் எடுத்தோளாம்" — பயப்படாதீர்கள் அக்கா, நாங்கள் தூக்கிக்கொள்கிறோம் என்று. தங்கமான பிள்ளைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு ஆசையா கூப்பிடுறாங்க... போயேன்டி" என்றேன்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போற வயசா அத்தை எனக்கு?"

சுருக்கென்றது.

மேலேயிருந்து பிரின்சிபால் எட்டிப் பார்த்தார். "மோளே, இன்னைக்கு ஒரு நாள்தானே?"

அவள் மலையாளத்தில் சொன்ன பதில், என் தமிழில்: "இன்னைக்கு வந்தா, தினமும் இப்படியே வான்னு சொல்லிடுவீங்க சாரே. காலையில மட்டாஞ்சேரி துறையில படகுக்குள்ள நானே உருட்டிட்டுப் போனேன். தண்ணியில ஆடுற படகையே கரைக்குச் சமமா நிறுத்த முடியுது. ஆடாம நிக்கிற உங்க காலேஜுக்கு என்ன கஷ்டம்?"

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. பிரின்சிபாலும் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன், இறங்கி வந்தார். பின்னாலேயே டீச்சர்கள், நாற்காலிகள், சாயா, பழம்பொரி பஜ்ஜி எல்லாம் இறங்கின. வராந்தாவிலேயே கூட்டம். கீழே பழைய பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்த அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து சரித்திர வகுப்புக்குத் தருவதாக முடிவாயிற்று. ஊன்றுகோல் பெண் ஒருத்தி விசில் அடித்தாள் பாருங்கள்... காது அடைத்துவிட்டது!

எனக்கு ஒன்று தோன்றியது. தூக்கிவிட நான்கு பேர் உடனே வந்துவிடுகிறோம். ஒரு பூட்டைத் திறக்க மட்டும் ஏன் இத்தனை நாள்? தூக்கினால் நமக்கு நன்றி சொல்வார்கள். வழி இருந்துவிட்டால், நம்மைத் திரும்பிப் பார்க்காமலே போய்விடுவார்கள். அதுதான் காரணமோ?

பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவள் நான். ஒரு காலேஜே இறங்கி வந்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன்... சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியுமா?