பின் டயர்களில் காற்று ஏறவில்லை

அப்துல் ரவூப் ஓமான் பாலைவனத்தில் பதினாறு வருஷம் லாரி மெக்கானிக்காக இருந்தார். கோவில்பட்டியில் மனைவி ஆயிஷா பீவி மாரடைப்பில் இறந்தபோது, அவர் வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. அடக்கம் முடிந்த கபரைத்தான் பார்த்தார். அழவில்லை. மகள் முஹ்சினா சோறு வைத்தால் சாப்பிட்டார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. ஒரு மாதம் இப்படியே போனது.

நாகலாபுரம் பக்கம் காற்றாலை வேலைக்கு வந்த லாரி நின்றுவிட்டதென்று அவருக்குத் தெரிந்த டிரைவர் சுடலைமணி போன் செய்தார். இருக்கையில் இருந்தபடியே டயர்களில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற வண்டி. ரவூப் பாலைவனத்தில் பார்த்ததெல்லாம் அந்த மாதிரி வண்டிகள்தான். பஸ் ஏறிப் போனார்.

மழையில் இளகிய கரிசலுக்குள் காற்றைக் குறைத்துப் போய் வந்திருக்கிறார்கள். தார்ச்சாலை ஏறியபின் முன் டயர்களில் காற்று ஏறியது. பின் டயர் நான்கிலும் ஏறவில்லை.

"ஓஸ் பைப்பு எல்லாம் பாத்துட்டேன் பாய். எங்கனயும் லீக் இல்ல" என்றார் சுடலைமணி.

ரவூப் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் படுத்தார். கரண்ட் வந்தால் காற்றுக்கு வழிவிடும் முன்பக்கத்து சோலினாய்டு வால்வு 'டிக்' என்று திறந்தது. பின்பக்கத்தில் சத்தமே இல்லை. மீட்டர் வைத்தால் இருபத்துநாலு வோல்ட் சரியாக வந்தது. வால்வைச் சுற்றியிருந்த கம்பிச்சுருளான காயில் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்தார், காந்தத்தில் போல ஒட்டிக்கொண்டது. ஆக, கரண்டில் குறையில்லை. வால்வுக்குள் இருக்கும் சின்ன இரும்புத் தண்டுதான் சிக்கியிருக்க வேண்டும்.

சுவிட்சை அணைக்கச் சொல்லி, காயிலைப் பிடித்து உருவினார். வெகுநேரம் கரண்ட் ஓடியதில் அது கொதித்துக் கிடந்தது.

குனிந்து பார்த்த சுடலைமணி கத்தினார். "ஐயோ பாய், கைய எடுங்க! தோலு வேகுது!"

உள்ளங்கை வெளுத்துக் கொப்பளித்திருந்தது. ரவூப் அதைப் பார்த்தார். "சூடா இருந்திருக்கு" என்றார்.

டேங்கில் இருந்த காற்றை இறக்கிவிட்டு வால்வைப் பிரித்தார். காற்று வெளியேறும் துளையின் மூடி கழன்றுபோய், கரிசல் மண் உள்ளே காய்ந்து இறுகியிருந்தது. சுரண்டித் துடைத்து, புது மூடி போட்டு மாட்டினார். இந்த முறை 'டிக்' கேட்டது. டயர்கள் மெல்ல நிமிர்ந்தன. லாரி விளாத்திகுளம் ரோட்டில் போய்விட்டது.

வீட்டில் முஹ்சினா மருந்து போட்டுக் கட்டினாள்.

"எரியுதா அத்தா?"

"இல்ல. அம்மா கடைசியா என்ன சொன்னா?" அதுவரை அவர் கேட்டதில்லை.

முஹ்சினா கட்டின் முனையை முடிந்தாள். "ஒங்களுக்குப் போன் போடச் சொன்னாங்க. மூணு தடவ போட்டேன். நீங்க எடுக்கல."

"அன்னைக்கு அங்க வண்டிக்கு அடியில கெடந்தேன்" என்றார்.

அவள் அழுதாள். அவர் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார். பிறகு அவள் சோறு வைத்தாள். வலது கையில் கட்டு இருந்ததால், இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார்.