வினாகா எழுதிய எட்டு பேனல்கள்

பெதெலிக்கு ஒரே ஒரு திறமைதான் உண்டு என்பாள் அவன் மனைவி மெரியோனி. எதிலும் நல்லதைத் தனக்கென்று பொறுக்கி எடுத்துவிடுவான். சேப்பங்கிழங்கு வாங்கச் சந்தைக்குப் போனால் முப்பது கட்டைப் புரட்டாமல் திரும்ப மாட்டான். விற்கிற பெண்கள் அவன் தலையைக் கண்டதுமே நல்ல கட்டுகளைச் சாக்குக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். பிஜித் தீவின் சுவா துறைமுகத்தில் இருபத்தாறு வருஷமாகச் சரக்குச் சரிபார்க்கிறவன். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியிருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

அவனுக்கு ஒரே தங்கை, அலுமீத்தா. வயதுக்கு வந்த பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்து மரியாதை. சொல்ல வேண்டியதை யார் வாய் வழியாகவாவது சொல்லி அனுப்புவார்கள். பேச்சு இல்லையே தவிர, அவளுக்கு உலகத்தில் அண்ணன்தான் முதல் ஆள். தீவின் மறுபக்கத்து லௌடோகாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறவரை அப்படித்தான் இருந்தது.

அவளைக் கட்டிக்கொண்ட சைருசி சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவன், வாய் ஓயாதவன். தங்கை புருஷனை அங்கே தவலே என்பார்கள், நம் மச்சான்தான். மச்சான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபம் வரக்கூடாது, சிரிக்க வேண்டும், அதுதான் முறை. முப்பது வருஷமாகப் பெதெலி முறை தவறாமல் சிரித்து வருகிறான். அவன் வயிற்றுக்குள் என்ன எரிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

சோலார் பேனல் போடும் யோசனை பெதெலியுடையது. "ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்குவோம், நான் பார்த்துக்கிறேன்" என்று பெரியமனுஷத்தனமாகச் சொன்னான். பதினாறு பேனல்கள் ஒரே கப்பலில், ஒரே அடுக்காக வந்து இறங்கின. அவன் கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். மூன்றில் சட்டம் கீறியிருந்தது, ஒன்றில் மூலை லேசாக மடங்கியிருந்தது. பழுதில்லாத எட்டைத் தனியே பிரித்து, லாரிக்காரன் மாற்றி ஏற்றிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மை பேனாவால் 'வினாகா' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். அங்கே நல்லது என்பதற்கும் அந்தச் சொல்தான், நன்றி என்பதற்கும் அதேதான். அந்த எட்டும் சுவாவுக்குப் பக்கத்தில் சவானியில் இருக்கிற அவன் கூரைக்கு ஏறின. மிச்சம் எட்டும் லௌடோகாவுக்குப் போயின.

வினை அதற்குப் பிறகுதான். சாயங்காலம் ஆனால் அலுமீத்தா குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதுவாள்: "இன்னைக்கு எங்க வீட்டுல பதினஞ்சு யூனிட்." மறுநாள், "பதினாறு. எங்க வீட்டுக்காரர் கை ராசி." பெதெலி தன் ஃபோனைத் திறந்து பார்ப்பான். ஆறு. மறுநாள் நாலு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய் வந்த புண்ணியமோ என்னவோ, ஒன்பது. அன்று ஒன்பதைப் பெருமையாகக் குழுவில் போட்டான். "மச்சான், காலைச் சாப்பாட்டுக்குள்ள வந்த கணக்கா இது?" என்று சைருசி கேட்டான். குழுவில் இருந்த முப்பத்தேழு பேரும் சிரித்தார்கள். பெதெலியும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் எழுந்துபோனான்.

பொறாமைதான், வேறென்ன. எண்ணிக்கைகூட அவனுக்குப் பெரிதில்லை. 'எங்க வீட்டுக்காரர் கை ராசி' என்று தங்கை எழுதினாளே, அந்த நாலு வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. வாங்கியவன் அவன், இறக்கியவன் அவன், ராசி மட்டும் இன்னொருத்தனுக்கா?

ஒரு வருஷம் இப்படியே போன பிறகு, பேனல் மாட்டிய பர்மேஷைக் கூப்பிட்டான். பர்மேஷ் மேலே ஏறி, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"பேனல்ல ஒரு குறையும் இல்லண்ணே. குறை நடுவுல நிக்கிற மலையில."

"மலை என்னடா பண்ணுச்சு?"

"காத்து கடல்ல இருந்து மேகத்தை இந்தப் பக்கமாத் தள்ளிட்டு வருது. மலை மறிக்குது. அத்தனையும் நம்ம தலையிலேயே கொட்டிடுது. தாண்டிப் போறப்ப காத்துல ஈரமே இருக்காது. அதனாலதான் லௌடோகாவுல வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. தீவு ஒண்ணுதாண்ணே, வானம் ரெண்டு."

"அப்ப அதே பேனல் அங்க இருந்தா?"

"அங்க இருந்தா அதுவும் பதினஞ்சு குடுக்கும்."

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? பெதெலியின் காதில் ஏறவில்லை. இருபத்தாறு வருஷம் சரக்குப் பார்த்தவனுக்கு மலை மேல் பழி போடுவது பிடிபடவில்லை. தான் பொறுக்கியதுதான் பிசகிவிட்டது, கீறலும் மடிப்பும் இருந்த அந்த எட்டில்தான் ஏதோ இருந்திருக்கிறது, கண் ஏமாந்துவிட்டது என்றே முடிவு கட்டினான்.

அந்தச் சனிக்கிழமை, உறவு வீட்டுக்குப் போனால் கரைத்துக் குடிக்கக் கொண்டுபோகிற யங்கோனா வேர் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு லௌடோகாவுக்கு பஸ் ஏறினான்.

"வாடா மச்சான்!" சைருசி வாசலுக்கே வந்துவிட்டான். "திரும்பு, முதுகுல பாசி புடிச்சிருக்கா பார்ப்போம். வெயில்ல நிக்காதே, பழக்கமில்லாத உடம்பு, உதிர்ந்துடப் போவுது."

பெதெலி சிரித்தான். வேரை இடித்துக் கரைத்து இரண்டு சுற்றுக் குடித்தார்கள். உள்ளே அலுமீத்தா மீன் பொரிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது சிரட்டையைக் கையில் வாங்கியபோது பெதெலி சொன்னான்:

"மச்சான், ஒரு கெரெகெரெ."

உறவுக்காரன் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. சைருசி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கேளு."

"உன் கூரையில இருக்கிற எட்டையும் எனக்குக் குடு. என்னோட எட்டை நீ எடுத்துக்கோ."

சைருசி சிரிக்க ஆரம்பித்தான். பாயில் யங்கோனா சிந்துகிற அளவுக்குச் சிரித்தான். "எடுத்துக்கோ மச்சான். கழட்டுறப்ப கொஞ்சம் வெயிலையும் மடிச்சு வெச்சு அனுப்புறேன்."

லாரி போய் வந்தது. இரண்டு ஊரிலும் கழற்றி மாட்டிய பர்மேஷ் தலையில் அடித்துக்கொண்டான். மெரியோனி வெளிப்படையாகவே சொன்னாள், "நீங்க கேட்டது பேனல் இல்ல, அவங்க நிம்மதி."

முதல் நாள் மழை. பெதெலி காத்திருந்தான். இரண்டாம் நாளும் மழை. மூன்றாம் நாள் மத்தியானம் அரைமணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. சாயங்காலம் ஃபோனில் ஐந்து என்று காட்டியது. லௌடோகாவிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பயந்துகொண்டே குழுவைத் திறந்தான். அலுமீத்தா அன்று யூனிட் கணக்கு எழுதவில்லை. ஒரு படம் போட்டிருந்தாள்.

அவன் பேனல்களின் முதுகு. கூரையில் மாட்டுவதற்கு முன் புல்தரையில் எட்டையும் கவிழ்த்துப்போட்டு எடுத்த படம். எட்டிலும் வினாகா, வினாகா, வினாகா.

மெரியோனி ஃபோனைப் பிடுங்கி வாய்விட்டுப் படித்தாள். "'எங்க அண்ணன் என்கிட்ட பேசி முப்பத்தெட்டு வருஷமாச்சு. கேட்டதைக் குடுத்ததுக்கு எட்டு தடவை நன்றி எழுதி அனுப்பியிருக்கார். எங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்னு முதுகுல எழுதியிருக்கார். உலகத்துல எனக்கு அண்ணன்தான் முதல். பார்த்ததுல இருந்து அழுதுட்டிருக்கேன்.'" மெரியோனி ஃபோனை அவன் கையில் திருப்பி வைத்தாள். "இதை எப்ப எழுதினீங்க? என்கிட்டகூடச் சொல்லலையே!"

"லாரி ஏத்துறப்ப" என்றான் பெதெலி. அது பொய்யும் இல்லை. எந்த லாரி என்று அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முப்பத்தேழு பேரும் பெதெலியைப் புகழ்ந்து எழுதினார்கள். ஒரு வருஷமாக அவன் ஏங்கியது இதற்குத்தான். இப்போது கைக்கு வந்தபோது, முள்ளோடு விழுங்கிய மீனாகத் தொண்டையில் நின்றது.

மெரியோனி அடுப்படிக்குப் போனதும் ஃபோன் அடித்தது. சைருசி.

"மச்சான், உன் எட்டும் இன்னைக்கு பதினேழு குடுத்துச்சு. உண்மையிலேயே நல்ல பேனலாத்தான் பார்த்து எடுத்திருக்க."

பெதெலி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"எழுத்து மேல ஒரு வருஷப் பூஞ்சை இருந்துச்சு. பச்சைப்பசேல்னு. உன் தங்கச்சி வெளிய வர்றதுக்குள்ள பழைய துணியால எட்டையும் தேய்ச்சுத் துடைச்சு வெச்சேன். எதுக்குச் சொல்றேன்னா, அடுத்த தடவை எழுதுறப்ப நல்ல மையா வாங்கு."

கூரைமேல் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. வெயிலும் சைருசி பக்கம், பெரிய மனசும் அவன் பக்கமா என்று பெதெலிக்கு வயிறு பற்றி எரிந்தது. தங்கையிடம் சொல்லிவிடாதே என்று ஒரு கெரெகெரெ கேட்கலாம் என்றால், கேட்கும் முன்பே அதையும் கொடுத்து முடித்திருந்தான் அந்தப் பாவி.

"என்ன மச்சான், சத்தத்தையே காணோம்? கிண்டல் பண்ணியிருக்கேன்ல? சிரி."

முறை முறைதானே. பெதெலி சிரித்தான். அந்தச் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த மெரியோனி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.