கைப்பிரேக் போடாத வேன்

காலை ஆறு மணிக்குத் தோக்தோசுனுக்குப் போன் வந்தது. "மச்சான், டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வேன் உருண்டு ஆத்துல விழுந்துடுச்சு. எஞ்சின் சூடாகட்டும்னு நியூட்ரல்ல விட்டு, சக்கரத்துக் கல்லையும் எடுத்துட்டேன்" என்று அழுதான், வேனில் உதவியாளாக இருந்த மைத்துனன் ஜிர்கல்.

நாரின் மலைப்பாதையில் இருபது வருடம் அந்த வேனை ஓட்டியவர் தோக்தோசுன். கடுங்குளிரில் கைப்பிரேக் போட்டால் உறைந்து இறுகிவிடும் என்று, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துத்தான் நிறுத்துவார். நேற்றும் அப்படியே.

வேன் முதலாளி முன்னால் ஜிர்கல் பேச்சை மாற்றினான். "மச்சான்தான் கைப்பிரேக் போட மறந்துட்டாரு. வயசாயிடுச்சில்ல."

"குளிர்ல போட்டா என்னைத் திட்டுறவனே நீதானேடா!" என்றார் தோக்தோசுன்.

முதலாளி ஜிர்கல் சொன்னதையே நம்பினார். தோக்தோசுனின் வேலை போனது.

நடந்ததை முதலாளிக்கு எழுத உட்கார்ந்தார். அவர் இறந்த பிறகும் அந்தக் கடிதம், ஜிர்கலின் பெயர் வரவேண்டிய இடத்தில் பாதியில் நிற்கிறது.