வட்டி குறைந்த கணக்கு

தம்பி குடும்பத்தோடு வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்த காலம் அது. நானும் கணவரும் இத்தாலியில், பலெர்மோவில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசைப் போட, பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம் ஒரு வங்கிக்குப் போனோம்.

மேசைக்கு அந்தப்புறம் இருந்த பெண் பொறுமையானவள். இரண்டு வகைக் கணக்கு இருப்பதாகச் சொன்னாள். ஒன்றில் காசைச் சில வருடம் கட்டிவைக்க வேண்டும், வட்டி கூட. மற்றதில் வட்டி குறைவு, சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஆனால் நினைத்த நாளில் எடுக்கலாம்.

“கட்டிவைப்பம்,” என்றார் கணவர். “கையிலை இருந்தால் கரைஞ்சு போடும். வீடு வாங்க வேணுமெண்டு நீர்தானே சொன்னனீர்?”

“தம்பி வெளியிலை வந்தால்?”

தம்பி கடைசியாகத் தொலைபேசியில் கதைத்தபோது, “அக்கா, பாதை திறந்தால் உடனை வெளிக்கிடுவன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றிருந்தான். கொழும்பில் அறைக்கு, விமானச் சீட்டுக்கு, ஏஜென்சிக்காரனுக்கு என்று அன்றைக்கே காசு வேண்டிவரும்.

எப்போது தேவைப்படும் என்று அந்தப் பெண் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்த கணவர் என் பக்கம் திரும்பினார்.

“நீரே சொல்லும்.”

வட்டி குறைந்த கணக்கையே தரும்படி கேட்டேன்.

அதன் பிறகு தம்பியிடமிருந்து அழைப்பே வரவில்லை. ஒருநாள் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, அவசரமாகக் கூப்பிட்டாள். தொலைக்காட்சியில் இலங்கைச் செய்தி; ஒரு கடற்கரையும் புகையும் தெரிந்தன. நான் ஈரக்கையைத் துடைத்து முடிப்பதற்குள் உதைபந்தாட்டச் செய்தி வந்துவிட்டது.

போர் முடிந்தபின், முகாமில் யாரோ ஒருவரின் கைபேசியிலிருந்து தம்பியின் மனைவி அழைப்பு எடுத்தாள்.

“மச்சாள், நானும் பிள்ளையும் இருக்கிறம்.”

“அவன்?”

“தண்ணி எடுக்கப் போனவர். ஷெல் குண்டு விழுந்திட்டுது. அங்கையே மண்ணுக்குள்ளை தாட்டிட்டு வந்தனாங்கள்.”

அடுத்த நாள் கணவர் வேலைக்குப் போகாமல் வங்கிக்குப் போய்க் காசை எடுத்து அனுப்பினார். வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முகாமிலிருந்து வெளியே விட்டபோது அந்தக் காசில்தான் தாயும் பிள்ளையும் வவுனியாவில் ஒரு அறை எடுத்தார்கள்.

அங்கே குடிபுகுந்த அன்று தம்பியின் மகள் என்னோடு தொலைபேசியில் கதைத்தாள். நான் கபோச் சந்தையில், மீன்காரர்கள் கூவும் இடத்தில் நின்றிருந்தேன்.

“மாமி, முகாம் மாதிரி இல்லை, இஞ்சை கதவு இருக்கு. நானே பூட்டினனான்.”

“ஓம் குஞ்சு,” என்றேன். அந்தச் சத்தத்தில் நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்காது.