மன்னார் மணிக்கூடு

அருட்பிரகாசம் அண்ணை சமையலறைக் கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டைக் கழற்றுகிறார். ஒக்டோபர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம். பேர்லின் நகரத்தில் மற்றவர்கள் இரவு படுக்கப் போகும்போதோ, காலையில் எழும்பியோதான் குளிர்கால நேரத்துக்காக மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். இவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "பிறகெண்டு விட்டா மறந்துபோகும் தம்பி. மறந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டபடியே பின்பக்கத் திருகாணியைச் சுற்றுகிறார். கதிரையைப் பிடித்துக்கொண்டிருப்பவன் நான். மேல்மாடியில் குடியிருக்கும் பாவத்துக்கு, வருடத்தில் இரண்டு முறை இந்த உத்தியோகம் எனக்குக் கிடைக்கும்.

ஒரு மருத்துவமனைச் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. அங்கே ஆயிரம் தட்டுகள் போனாலும் பதறாதவர் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் நேரம் மாற்றும் நாள் வந்தால் மட்டும் மனிதருக்குக் கை கால் ஓடாது. சுவர் மணிக்கூடு முடிந்தால் அடுப்பு. அதில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். போன முறை மணி மாறாமல் அடுப்பு சூடாகத் தொடங்கிவிட்டது. பிறகு மைக்ரோவேவ், வீடியோப் பெட்டி, மகள் மெலனியின் அலாரம், கீழே நிற்கும் கார். வானொலி அலையைப் பிடித்துத் தானாகவே நேரம் மாறும் மணிக்கூடு ஒன்றை மெலனி வாங்கி வந்தாள். அதை அவர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "காத்தில வாற நேரத்தை எப்பிடி நம்புறது?"

ஆகவே சனி மத்தியானத்திலிருந்து அந்த வீடு ஊரோடு ஒட்டாத ஒரு நேரத்தில் ஓடும். மெலனி நீச்சல் வகுப்புக்குப் பிந்திப் போவாள். "இந்த வீட்டில பசி ஒண்டுக்குத்தான் சரியான நேரம் தெரியும்" என்று அவர் மனைவி கொறற்றி அக்கா சோற்றை இறக்கி வைப்பார்.

நானும் சிரித்தவன்தான். காரணம் தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அண்ணையின் தங்கை பிலோமினா ஊரில், அடம்பன் பக்கம் இருக்கிறாள். அது அரசாங்கத்தின் கையில் இல்லாத, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடம். வீட்டில் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சோதனைச் சாவடியைத் தாண்டி மன்னார் பட்டினத்துக்கு வந்து, றெஜினோல்ட் என்பவரின் தொலைபேசிக் கடையில் இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பாள். அண்ணை இங்கிருந்து அவளுக்குத் தொலைபேசி எடுப்பார். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அரசாங்கம் சில வருடங்களுக்கு முன் மணியை முன்னுக்குத் தள்ளியபோது இயக்கத்தின் பக்கம் அதை ஏற்கவில்லை. பிலோமினாவின் வீட்டில் ஒன்றரை என்றால் கடையில் இரண்டு. "அங்க ரெண்டு நேரம், இஞ்ச கோடைக்கு ஒண்டு, குளிருக்கு ஒண்டு எண்டு ரெண்டு நேரம். நாலுக்கும் நடுவில நான் ஒருத்தன்" என்பார் அண்ணை.

போன வருடம் இதே ஞாயிறு அவர் பழைய பழக்கத்தில் பத்து மணிக்கு எடுத்துவிட்டார். குளிர்கால நேரத்துக்கு ஒன்பதுக்கு எடுத்திருக்க வேண்டும். பிலோமினா ஒரு மணித்தியாலம் கூடுதலாகக் காத்திருந்து பேசிவிட்டுப் போனபோது பஸ் இல்லை, சாவடியும் மூடியாகிவிட்டது. அன்றிரவு பிள்ளையோடு கோயில் விறாந்தையில் படுத்தாளாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இவரால் அன்று சாப்பிட முடியவில்லை. "ரெண்டரைக்கு மேல ஒரு நிமிசமும் நிக்காதை, நான் எடுக்காட்டிலும் வெளிக்கிடு" என்று அப்போதே கட்டளை போட்டுவிட்டார். அதோடு வரவேற்பறைக் கதவுக்கு மேல் ஒரு மணிக்கூட்டை மாட்டி, மன்னார்க் கடையின் நேரத்தை வைத்தார். அதை ஒருவரும் தொடக்கூடாது. தூசி துடைப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும்.

இந்த வருடம் பயம் இன்னும் கூடிவிட்டது. சண்டை திரும்பத் தொடங்கும் என்று எல்லா வானொலிகளும் சொல்கின்றன. "சாவடியை எப்ப பூட்டுவாங்களெண்டு ஆருக்குத் தெரியும்? இந்த ஞாயிறு தவறினா அடுத்த ஞாயிறெண்டு சொல்ல ஏலாது தம்பி."

ஞாயிறு காலை, கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். புதுத் தொலைபேசி அட்டையைச் சுரண்டி வைத்துவிட்டு, மன்னார் மணிக்கூட்டுக்கு நேரே அமர்ந்திருந்தார். அது ஒரு மணி இருபது காட்டியது. நேரம் கிடக்கிறது என்று நானும் தேநீரை ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தேன்.

கொறற்றி அக்கா கை துடைத்தபடி வந்தார். "இன்னும் எடுக்கேல்லையோ?"

"ரெண்டாகட்டும். இன்னும் நாப்பது நிமிசம் கிடக்கு."

"குசினிச் சுவர் மணிக்கூட்டில ஒம்பது இருவதாகுது. குளிருக்கு அஞ்சு மணித்தியாலமெல்லோ கூட்டுறனீங்கள்?"

அண்ணை விரல்களை மடக்கினார். ஒன்பது இருபதோடு ஐந்து. கடையில் இப்போது இரண்டு இருபது. மறுபடியும் மடக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கணக்குப் பார்க்க வந்தவன், தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"ஆர் இதைத் தொட்டது? மெலனி..."

"அவள் தொடேல்லை" என்றார் அக்கா மெதுவாக. "நேற்றுக் கதிரையில ஏறி எல்லாத்தையும் திருப்பினது நீங்கள்தானே."

உண்மைதான். ஒன்றும் தவறிவிடக்கூடாது என்ற பதற்றத்தில், வீட்டில் தொடக்கூடாத ஒரே மணிக்கூட்டையும் அவரே திருப்பிவிட்டிருந்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் உறைக்கவில்லை. அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அட்டையின் இலக்கங்களை அழுத்தினார். அவசரத்தில் ஒன்று பிசகியது. பதிவு செய்த பெண்குரல் ஜெர்மன் மொழியில் பணிவாக மறுத்தது. அக்கா அட்டையை வாங்கி ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார், அவர் அழுத்தினார். மறுமுனையில் மணி போனது. நெடுநேரம் போனது.

"றெஜினோல்ட், தங்கச்சி நிக்கிறாளோ?"

அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "இப்பதான் எழும்பினவ அண்ணை. வாசல்ல செருப்புப் போடுறா. பொறுங்கோ, பொறுங்கோ."

யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், பஸ் ஒன்றின் ஹோர்னும் கேட்டன. அக்கா சிலுவை அடையாளம் போட்டார். பிறகு, மூச்சிரைக்க ஒரு குரல்: "அண்ணா?"

அவர் சுகம் விசாரிக்கவில்லை. "பிள்ளை, அங்க இப்ப எத்தனை மணி?" என்றுதான் கேட்டார்.

"எங்கட வீட்டிலயோ, கடையிலயோ?"

"கடையில."

"ரெண்டரை அண்ணா. நீங்கள் சொன்னபடி வெளிக்கிட்டிட்டன்."

அவர் மன்னார் மணிக்கூட்டை நோக்கிக் கையை நீட்டினார். நான் கதிரையில் ஏறி மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் முள்ளைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு அதை மடியில் கவிழ்த்து, பின்பக்கத் திருகாணியின் மேல் பெருவிரலை அழுத்திப் பிடித்தார். பேசி முடியும்வரை அந்த விரலை எடுக்கவில்லை.