டப்பாவுக்குள் ஒரு வெள்ளைச் சட்டை

இஸ்திரிக்காரம்மா என்று கேட்டால்தான் கால்வாய்த் தெருவில் அவளைத் தெரியும். பதினேழு வருடமாக அவள் பெட்டி ஆறியதில்லை. எலும்பைக் காய்ச்சிப் பசை எடுக்கும் ஆலை தெருமுனைக்கு வந்த நாலாம் வருடம், பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து துணி வருவது குறைந்தது. கடைசியில் டீச்சரம்மாவே ஒரு மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. துணியில பிண வாடை வருது. கிளாஸ்ல பிள்ளைங்க மூக்கைப் பிடிக்குதுங்க."

அவள் ஒரு சட்டையை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வேறு ஆள் பிடித்துவிட்டுச் சாக்குச் சொல்கிறார் என்று மனம் கசந்தாள்.

அந்த மாதம் வெளியூரிலிருந்து நாத்தனார் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இந்த நாத்தத்துல உங்களுக்கு எப்படி சோறு இறங்குது?"

அப்புறம்தான் டீச்சரம்மா சொன்னது உறைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டாள். மூன்று முறை கருவியோடு வந்து சோதித்தார்கள். மூன்று முறையும் ஆலைக்காரர்கள் அன்றைக்கென்று அடுப்பை அணைத்து வைத்திருந்தார்கள். விசாரணையில் அதிகாரி கையை விரித்தார்.

"நாத்தத்தை எல்லாம் ஃபைல்ல சேர்க்க முடியாதும்மா."

"சேர்க்க வேண்டாம் சார். மோந்து பாருங்க, போதும்."

ஒரு பகல் முழுக்கத் தெருக் கொடியில் காயவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் மூடி எடுத்து வந்திருந்த வெள்ளைச் சட்டையை மேசைமேல் வைத்துத் திறந்தாள். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எழுத்தர் ஜன்னலைத் திறக்க ஓடினார். ஆலை மேனேஜர்கூடக் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் மட்டும் டப்பாவுக்கு நேராகக் குனிந்து நின்றாள். அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. பழகிப்போனது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பழகவில்லை, மூக்கே போய்விட்டது என்பது அந்த அறையில்தான் புரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலையில் எலும்பு காய்ச்சும் கொப்பரைகளை மூடச் சொல்லி உத்தரவு வர ஒன்பது மாதம் ஆனது. அதற்குள் டாக்டர் பார்த்துவிட்டு, "இனி திரும்பாதும்மா" என்று சொல்லியிருந்தார்.

டீச்சரம்மா மறுபடி மூட்டையோடு வந்தார். "இப்ப வாடையே இல்லீங்க."

"நல்லதும்மா," என்று வாங்கி வைத்தாள்.

துணி கருகினாலும் அவளுக்கு இப்போது தெரியாது. ஒவ்வொரு துணிக்கும் முன்னால், பெட்டியை ஒரு கந்தலில் இழுத்து, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறாள். வேலை பாதி வேகத்தில்தான் நடக்கிறது.