எங்கள் அக்காவும் அனனியாவும்

எங்கள் அக்கா ஆண்டவருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் ஓய்வுநாள் பள்ளியில் அக்காவிடம் படித்தவர்கள். இன்னும் பலருடைய பிள்ளைகள் அக்காவின் கைகளில் பிறந்தவர்கள். நீங்கள் அறிந்த அக்காவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. நீங்கள் அறியாத ஒரு காரியம் உண்டு. தாம் இருக்கும்வரை அதைப் பேச அக்கா என்னை விட்டதில்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

விரிஞ்சிபுரத்துக்கு எதிர்க்கரையில், பாலாற்றை ஒட்டிய சேரியில் அக்கா பிறந்தார். மழை பொய்த்த ஒரு வருஷம் அப்பா எங்களை அழைத்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்து தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சேர்ந்தார். ஆட்டுத் தோல்களைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைப்பது அவர் வேலை. ஆம்பூருக்கு வந்த பிறகுதான் எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றது. அதன்பின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போவதை நிறுத்தினார்.

ஷாப்பு மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. "நீ சாமி கும்பிடப் போய்ட்டா தோலு அழுவிப்பூடும். ஒனக்கு இங்க வேலை இல்ல" என்று அனுப்பிவிட்டார். வேலையாட்களுக்கு விட்டிருந்த இடத்தில் எங்கள் குடிசை இருந்தது. ஆட்களை அனுப்பி அதன் கூரையையும் பிரிக்கச் செய்தார். அது அடைமழைக் காலம். ஆற்றோரத்தில் பனையோலைகளைச் சாய்த்து அதன் கீழே ஒண்டினோம். கைக்குழந்தையாக இருந்த எங்கள் தம்பி அங்கே காய்ச்சலில் இறந்துபோனான். அம்மாவுக்கும் அப்போது காய்ச்சல். அதனால் தம்பி அக்காவின் மடியில்தான் இறந்தான். அக்காவே அப்போது சிறு பெண்.

தோல் வியாபாரி ஒருவர் வீட்டு பீபியம்மா எங்களைக் கண்டு, "இன்னாமா இது, பச்சைப் புள்ளைங்கள வச்சுனு தண்ணியில கிடக்கறீங்க? எழுந்து வாங்க" என்று தம் வீட்டுப் பின்கட்டில் இடம் கொடுத்தார். அக்கா மிஷன் பள்ளியில் படித்ததும், பிற்பாடு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதியிலும் கண் நோயாளிகளைக் கவனிக்கும் பகுதியிலும் வேலை பழகியதும் அந்த ஆதரவினால்தான். மணமான சில வருஷங்களிலேயே அத்தான் காலமானார். பிள்ளைகள் இல்லை. அக்கா ஆம்பூருக்கே திரும்பி வந்து அம்மாவோடு தங்கிவிட்டார். அப்பாவும் அதற்குள் காலமாகியிருந்தார். நான் வாழ்க்கைப்பட்டிருந்ததும் அம்மா வீடு இருந்த தெருவில்தான்.

ஓய்வுநாள் பள்ளியில் அக்கா அடிக்கடி சொல்லும் கதை தமஸ்கு நகரத்து அனனியாவுடையது. "பொய் சொல்லி விழுந்து செத்தாரே, அந்த அனனியா இல்ல. இவரு வேற" என்று தொடங்குவார். சபையைத் துன்பப்படுத்த வந்த சவுல் பார்வை இழந்து ஒரு வீட்டில் கிடக்கிறார். அவரிடம் போ என்று ஆண்டவர் அனனியாவுக்குச் சொல்கிறார். அந்த மனுஷன் செய்த தீங்கெல்லாம் அனனியாவுக்குத் தெரியும். பயத்தோடு அதை எடுத்துச் சொல்கிறார். பிறகு போகிறார். அவர்மேல் கை வைத்து, சகோதரனே என்று அழைக்கிறார். சவுல் பார்வை பெற்று, பின்னாளில் பவுல் அப்போஸ்தலர் ஆகிறார். "பவுலப் பத்தி எல்லாரும் பேசறாங்க. அவரு மேல கைய வச்சவரப் பத்தி யாருன்னா பேசறாங்களா?" என்று அக்கா பிள்ளைகளிடம் கேட்பார்.

ஒருநாள் மத்தியானம் நான் அம்மா வீட்டில் இருந்தபோது மேஸ்திரியின் மனைவி தலைவிரிகோலமாக வந்து வாசலில் நின்றார். தொட்டியிலிருந்து தோலை இழுத்தபோது சுண்ணாம்பு தெறித்து மேஸ்திரியின் இரண்டு கண்களிலும் விழுந்துவிட்டதாம்.

"உங்க பெரிய பொண்ணு கண்ணு ஆஸ்பத்திரியில இருந்துச்சாமே. கொஞ்சம் வரச் சொல்லும்மா. மனுஷன் துடிக்கறாரு."

அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். "எந்த மொகத்த வச்சுனு இங்க வந்த? எம் புள்ள செத்தப்போ எட்டிப் பாத்தியா நீ?"

அந்த அம்மாள் அழுதார். அக்கா உள்ளே போய் முழங்காலில் நின்றார். வெகுநேரம் நிற்கவில்லை. வெளியே வந்து, "தண்ணிப் பானையத் தூக்கினு என்கூட வா" என்றார் என்னிடம்.

"போவாதடி" என்று அம்மா அக்காவின் கையைப் பிடித்தார்.

"எனக்கும் போவப் பிடிக்கலம்மா. அனனியாவுக்கும் பிடிக்கல. ஆண்டவர்கிட்ட சொல்லிப் பாத்தாரு. அப்பறம் போனாரு" என்று அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

எங்களை வாசலுக்குள் சேர்க்காத வீடு அது. அன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை. மேஸ்திரி கட்டிலில் கிடந்தார். கண்களின் மேல் எண்ணெய்த் துணி கட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு, "யாரு?" என்றார்.

அக்கா தாம் யாரென்பதை மறைத்திருக்கலாம். "நீங்க கூரையப் பிரிச்சீங்களே, அந்த வூட்டுப் பெரிய பொண்ணு" என்றார்.

மேஸ்திரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "வேணாம். நீ போய்டு. என் கண்ண அவிச்சுடுவ."

அக்கா கட்டிலின் ஓரம் உட்கார்ந்து அவர் தலையைத் தம் பக்கம் திருப்பினார். "அண்ணா, தலைய இப்படி சாய்ங்க. எரியும். பொறுத்துக்குங்க."

பானைத் தண்ணீர் தீரும்வரை நான் ஊற்றினேன். அக்கா இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பஞ்சினால் ஒற்றி எடுத்தார். அந்த வீட்டார் கிணற்றிலிருந்து மறுபடி சேந்திக்கொண்டு வந்தார்கள். கண்களைக் கழுவி முடித்து, "இதுக்கு மேல என் கையில இல்ல. வேலூர் போவணும்" என்று சொல்லி, அவரை ரயிலேற்றி, காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டி வைத்துத் தாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அவர் திரும்பி வந்த பிறகும், கண் ஆறும்வரை தினமும் போய் மருந்து விட்டார். அம்மா அந்த நாட்களில் அக்காவோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு வைப்பார்.

ஒரு கண் பிழைத்தது. மற்றொன்று போய்விட்டது. மேஸ்திரி பவுலைப் போல் மாறவில்லை. கோயிலுக்கு வரவில்லை, மன்னிப்பென்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது. அக்காவிடமே கேட்டேன்.

"போன்னு சொன்னாரு, போனேன். அவர மாத்துன்னு எங்கிட்ட சொல்லலியே" என்றார் அக்கா. சிறிது பொறுத்து, "அண்ணான்னு கூப்பிடத்தான் ரொம்ப பேஜாராப் போச்சு. தம்பி மொகம் கண்ணு முன்னாடி வந்து நின்னுது" என்று சொல்லி அழுதார். அதற்காக அக்கா அழுததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி அக்கா படுக்கையில் விழுந்தார். முடிவு நெருங்கியிருந்த ஒரு காலையில் தெருவில் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. மேஸ்திரி வாசலுக்கு வெளியே நின்றார். நன்றாக மூப்படைந்திருந்தார். அம்மா எழுந்திருக்கவில்லை. நான்தான் உள்ளே அழைத்தேன். கட்டிலருகே குனிந்து, நல்ல கண்ணால் அக்காவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, இப்படிப் படுத்துட்ட?"

அக்காவால் பேச முடியவில்லை. கையை நீட்டினார். மேஸ்திரி அந்தக் கையைப் பிடித்தபடி வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்பங்கரையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் நோவில் உடனிருந்து ஜெபித்த போதகர் ஐயருக்கும் சபையாருக்கும், வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்த டாக்டரம்மாவுக்கும், கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அன்று எங்களை மழையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போன பீபியம்மாவின் மக்களுக்கும், கல்லறைவரை தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஓராண்டு நினைவு ஆராதனைக்கான அழைப்பிதழ்கள் அச்சாகி வந்ததும் வீடு வீடாகக் கொடுப்பதற்காகப் பிரித்து வைத்தோம். மேஸ்திரி வீட்டுக்கு உரியதை நான் எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"அத நான் கொண்டு போய்க் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வெளுத்து மடித்து வைத்திருந்த புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்ள உள்ளே போனார்.